தப்பு பதில் சொல்ல வேண்டியவள்

அத்தியாயம் 14

காலை ஐந்தரை மணிக்கே குளித்து முடித்து, கண்ணாடி முன் நின்று, "ஏன் அப்படி நினைக்கிறீங்க?" என்று தன் முகத்தைப் பார்த்தே ஒருவர் நாலு தொனியில் கேட்டுக்கொண்டிருந்தால், ஒன்று அவருக்கு வீட்டில் சரியில்லை, இல்லையென்றால் அவர் அன்றைக்கு வகுப்பெடுக்கப் போகிற ஆசிரியர்.

நம் அண்ணி இரண்டாவது ரகம். வயது ஐம்பத்து மூன்று. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பதினெட்டு வருடமாக விரிவுரையாளர். குடும்பத்தில் பாதிப் பேருக்கு அவர் அண்ணி என்பதால், கதை சொல்கிற நானும் முதல் வாரத்திலிருந்தே அப்படிக் கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

கல்லூரியில் அவருக்கு வேறு பெயர்: மூணு செகண்ட் மேடம். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர் மூன்று விநாடியாவது வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும், அப்போதுதான் பிள்ளைகள் யோசிப்பார்கள் என்பது அண்ணியின் வேதவாக்கு. பயிற்சி மாணவிகள் பாடம் நடத்தும்போது பின்பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பார். அவசரப்பட்டவர்களின் பெயருக்கு நேரே பென்சில் கோடு விழும்.

வீட்டிலும் இதே கதைதான். "சாப்பாடு எப்படி?" என்று கேட்டுவிட்டு மூன்று விநாடி கணவரின் முகத்தையே பார்ப்பார். உண்மையைச் சொல்வதா, உயிரைக் காப்பாற்றிக்கொள்வதா என்று அதற்குள் அண்ணன் முடிவெடுத்தாக வேண்டும். அண்ணிக்குச் சலுகை தராத ஒரே இடம் நீச்சல் குளம். ஐம்பது வயதுக்கு மேல் நீச்சல் பழகுகிறார். "கொஞ்சம் யோசிக்க டைம் கொடுங்க" என்று ஒருமுறை பயிற்சியாளரிடம் கேட்டார். "யோசிச்சா மூழ்கிடுவீங்கம்மா" என்று சொல்லிவிட்டார் அவர்.

சரி, போன வாரம் விட்ட இடம். கல்லூரி முதல்வர் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்கு அண்ணியின் பெயர் பரிந்துரையில் இருக்கிறது. ஆனால் முதல்வராகப் போகிறவர் நிஜப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும் என்று புது விதி வந்திருக்கிறது. வெறும் வாய்ப்பந்தல் போடுகிறவர்கள் கல்லூரிக்குத் தலைமை தாங்கக் கூடாதாம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கூட்டத்தில் இந்த யோசனையை எழுந்து நின்று முன்மொழிந்தவர் யார் தெரியுமா? அண்ணியேதான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று இதைத்தான் சொல்வார்கள்.

குலுக்கல் முறையில் அவருக்கு வந்தது கல்லூரியை ஒட்டிய பள்ளியின் நான்காம் வகுப்பு. அதன் வகுப்பாசிரியை சிட்டு. நாற்பத்தெட்டு வயதாகிறது, இருந்தாலும் அண்ணனுக்குத் தங்கை என்பதால் இன்னும் சிட்டுதான். அண்ணி வீட்டுக் கட்டடத்திலேயே மேல் மாடியில் குடியிருப்பவள். பாடம் முடிந்ததும் வகுப்பாசிரியை தன் கருத்தைப் படிவத்தில் எழுதித் தர வேண்டும். நாத்தனார் என்றால் பாராட்டி எழுதிவிடுவாரே என்று குழுவில் ஒருவர் ஆட்சேபித்தாராம். பாவம், அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை போலிருக்கிறது.

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். போன மாதம், கைக்குழந்தைக்காரியான ஒரு பயிற்சி மாணவி நடத்திய பாடம் எண்ணெய் போட்ட சக்கரம் போல ஓடியது. அண்ணிக்குச் சந்தேகம். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டதில், அந்தப் பாடத்தை முந்தின நாளே வகுப்பாசிரியை ஒத்திகை பார்த்துவிட்டது தெரிந்தது. "எனக்குத் தெரியாது மேடம்" என்று அந்தப் பெண் அழுதாள். "வகுப்புல நிக்கிறவளுக்குத் தெரியாம எப்படிப் போகும்?" என்று கேட்டு, தேர்ச்சி இல்லை என்று எழுதிவிட்டு வந்தார் அண்ணி. அவளுடைய மேல்முறையீடு வெள்ளிக்கிழமை. இன்று புதன்.

"பயமா இருக்கா?" என்றார் அண்ணன், டீயை ஆற்றிக்கொண்டே.

"இல்ல."

"பதில் ரொம்ப சீக்கிரம் வந்துடுச்சே. மூணு செகண்ட் ஆகலியே?"

"காலங்காத்தால வம்புக்கு இழுக்காதீங்க."

"எந்தப் பாடம்?"

"பரப்பளவு. காலடிப் பாடம்."

அண்ணன் டீயை ஆற்றுவதை நிறுத்தினார். "அதேவா? வேற ஒண்ணும் கிடைக்கலியா?"

"ராசியான பாடம். ஏன், உங்களுக்கு என்ன?"

"எனக்கென்ன" என்று சொல்லிவிட்டு, ஆறாத டீயை ஒரே மூச்சில் குடித்தார். நாக்கு சுட்டிருக்கும். ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

பதினெட்டு வருடத்துக்கு முன், தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்த அண்ணி, கல்லூரி வேலைக்கான தேர்வில் நடத்திக் காட்டிய பாடம் அது. கட்டம் போட்ட தாளில் காலை வைத்து, சுற்றிக் கோடு போட்டு, உள்ளே எத்தனை கட்டம் என்று எண்ணுவது. அன்று ஒரு சிறுமி எழுந்து, "அரைக் கட்டம் வந்தா என்ன பண்றது?" என்று கேட்டாள். ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சேருகிற மாணவிகளுக்கு அண்ணி இந்தக் கதையைச் சொல்வார். "சொல்லிக்கொடுக்காம ஒரு குழந்தை அந்தக் கேள்வியக் கேட்டா பாருங்க, அன்னிக்குத்தான் நான் டீச்சர்னு எனக்கே தெரிஞ்சது" என்று முடிப்பார். சொல்லும்போது இன்றைக்கும் அவருக்குக் கண் கலங்கும்.

* * *

பத்து மணி. நான்காம் வகுப்பு.

முப்பத்து நாலு பிள்ளைகள். பின்னால் மூன்று நாற்காலிகள். நடுவில் முதல்வர், இரண்டு பக்கமும் குழு உறுப்பினர்கள். ஜன்னலோரம் சிட்டு, மடியில் படிவத்துடன். அண்ணியைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் அசைப்பாளே, அதே அளவு.

அண்ணிக்கு உள்ளங்கை வேர்த்திருந்தது. சாக்பீஸ் பிசுபிசுத்தது. பதினெட்டு வருடம் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்கு, வகுப்பு முன்னாலிருந்து பார்க்க இவ்வளவு நீளமா என்று இருந்தது.

பிள்ளைகள் ஷூவைக் கழற்றினார்கள், தாளில் கால் வைத்தார்கள், சிரித்தார்கள், கோடு போட்டார்கள். அண்ணி இரண்டு தாள்களைப் பலகையில் ஒட்டினார். ஒன்று நீளக் கால், ஒன்று அகலக் கால்.

"இதுல எந்தக் கால் அதிக இடத்தை அடைச்சுக்குது? எப்படிக் கண்டுபிடிக்கலாம்?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். ஒன்று, இரண்டு, மூன்று.

மூன்றாவது விநாடி முடிந்ததும் பன்னிரண்டு கைகள் ஒரே நேரத்தில் உயர்ந்தன. அண்ணிக்கு உச்சி குளிர்ந்தது. பிள்ளைகள் யோசிக்கும்போது உதடு அசைகிறதே, என்ன அழகு என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு பையன் எழுந்தான். "நூல் வெச்சு சுத்தி அளக்கலாம் மிஸ். எதுக்கு நூல் நீளமா வேணுமோ, அதுதான் பெருசு."

தப்பு. ஆனால் மிகச் சரியான தப்பு. சுற்றளவையும் பரப்பளவையும் போட்டுக் குழப்பிக்கொள்கிற இந்தத் தப்பைப் பற்றி மட்டும் அண்ணி வருடத்துக்கு இரண்டு மணி நேரம் பாடம் எடுப்பார். தப்பான பதிலே வராத வகுப்பில் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்பது அவருடைய இன்னொரு வேதவாக்கு.

"ஏன் அப்படி நினைக்கிறீங்க?" என்றார், காலையில் கண்ணாடியிடம் கேட்ட நாலில் மிக நல்ல தொனியில்.

முதல்வர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் குனிந்து ஏதோ சொன்னார். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்து, நூலையும் கட்டத்தாளையும் கொடுத்தார் அண்ணி. வகுப்பில் அளவான சத்தம் கிளம்பியது. அப்போது முன்பல் இல்லாத ஒரு சிறுமி மேஜைக்கு வந்தாள். முகம் உப்பியிருந்தது. புகார் முகம். அண்ணி குனிந்தார்.

"மிஸ், நூல் பதில் என்னோடது" என்று கிசுகிசுத்தாள். "அவன் முந்திக்கிட்டான்."

"உன்னோடதுன்னா?"

"நான்தானே தப்பா சொல்லணும்! அவன் அரைக் கட்டம் கேக்கணும். இப்போ மறந்துட்டேன்னு சொல்றான் மிஸ். அரைக் கட்டத்தை யார் கேக்கிறது?"

அண்ணி நிமிர்ந்து வகுப்பைப் பார்த்தார். பக்கத்துக் குழுவில் ஒருத்தி, இன்னொருத்தியின் தூக்கிய கையை இழுத்துக் கீழே விட்டாள். "மூணு எண்ணிட்டுத்தான் தூக்கணும், டீச்சர் சொன்னாங்க இல்ல?" என்று அதட்டினாள். அப்போதுதான் அந்த உதடுகள் என்ன செய்துகொண்டிருந்தன என்று அண்ணிக்குப் புரிந்தது.

ஜன்னல் பக்கம் பார்த்தார். சிட்டு படிவத்தில் எதையோ நிதானமாக எழுதிக்கொண்டிருந்தாள்.

சிறுமி இன்னும் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் மூன்று பேனாக்கள் தயாராக இருந்தன. பாடத்தை அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வேறு ஏதாவது கேட்டிருக்கலாம். அண்ணியின் மாணவிகள் யாராவது இப்படி மாட்டிக்கொண்டிருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவர் அரைப் பக்கம் எழுதியிருப்பார்.

"நீயே கேட்டுடும்மா" என்றார் அண்ணி.

சிறுமிக்கு வாயெல்லாம் சிரிப்பு. ஓடிப்போய் இடத்தில் நின்று, கையைத் தூக்கி, கணீரென்று கேட்டாள்: "மிஸ், அரைக் கட்டம் வந்தா என்ன பண்றது?"

பின்னால் மூன்று தலைகளும் ஒன்றாக ஆடின.

மீதி இருபது நிமிடம் பாடம் நடந்தது என்று சொல்வதைவிட, நாடகம் நடந்தது என்று சொல்லலாம். அண்ணி ஒரு வசனத்தையும் தவற விடவில்லை.

* * *

இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் கொட்டிய நெல்லிக்காய் மாதிரி சிதறினார்கள். குழு உறுப்பினர்கள் கை குலுக்கிவிட்டு முதல்வர் அறைக்குப் போனார்கள். வகுப்பில் அண்ணியும் சிட்டுவும் மட்டும்.

"டீ வேணுமா அண்ணி? பிளாஸ்க்ல இருக்கு."

"எப்போ ஒத்திகை பாத்தே?"

சிட்டு மறுக்கவில்லை. டஸ்டரை எடுத்துப் பலகையைத் துடைக்க ஆரம்பித்தாள். "திங்கள் ஒரு பீரியட். நேத்து ஒரு பீரியட். அந்தப் பையன் சொதப்பிட்டான், இல்லேன்னா உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

"தப்பு பதில்கூட சொல்லிக்கொடுத்திருக்கே!"

"உங்களுக்குத் தப்பு பதில் பிடிக்குமே."

அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் பதினெட்டு வருஷமா எதைப் பண்ணாதேங்கிறேனோ, அதை என் தலையிலயே கட்டியிருக்கே. ஏன் சிட்டு?"

"புதுசா ஒருத்தர் வந்து நின்னு கேள்வி கேட்டா பசங்க பேந்தப் பேந்த முழிப்பாங்க அண்ணி. பின்னாடி உக்காந்திருக்கிறவங்க, 'மந்தமான வகுப்பு'ன்னு ஒரு வரி எழுதிட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. அந்தப் பேரு வருஷம் பூரா பசங்க முதுகுல ஒட்டிக்கும். யாராவது வர்றாங்கன்னா தரையக் கழுவுறோம், சுவத்துல படம் ஒட்டுறோம், பாடத்தையும் ஒருதரம் ஓட்டிப் பாத்துடறோம். எல்லாரும்தான் பண்றோம்."

"எல்லாருமா? படிவத்துல அதுக்குன்னே ஒரு கேள்வி இருக்கு. 'இப்பாடம் முன்னரே நடத்தப்பட்டதா?'ன்னு."

"நீங்க சேத்த கேள்விதானே. பதினோரு வருஷமா நாங்க எல்லாரும் 'இல்லை'ல டிக் போடுறோம்."

படிவத்தை நீட்டினாள். இல்லை என்பதற்கு நேரே, நல்ல நீல மையில், அழகான டிக்.

அண்ணி பக்கத்திலிருந்த குட்டி பெஞ்சில் உட்கார்ந்தார். முழங்கால் மேஜையில் இடித்தது. "உன்னை யார் இதெல்லாம் பண்ணச் சொன்னா?"

"இந்தத் தடவை யாரும் சொல்லல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று சிட்டுவுக்கு உறைத்தது. டஸ்டர் பலகையில் அப்படியே நின்றது.

"இந்தத் தடவைன்னா?" என்றார் அண்ணி.

வெளியே பிள்ளைகளின் கூச்சல். சிட்டு கையிலிருந்த சாக்பீஸ் தூளை உதறினாள்.

"உங்க செலக்ஷன் பாடமும் என் வகுப்புலதானே நடந்துச்சு அண்ணி."

"ஆமா."

"அதையும் நான் ரெண்டு நாள் ஓட்டிப் பாத்தேன்."

அண்ணி கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டார். "அந்தப் பொண்ணு... அரைக் கட்டம்..."

"நான் சொல்லிக்கொடுத்தது. துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்தேன். அவளுக்கு ஞாபக மறதி ஜாஸ்தி."

இதைச் சொல்லும்போது சிட்டுவின் குரலில் வெற்றியும் இல்லை, வருத்தமும் இல்லை. வருகைப் பதிவேடு வாசிப்பது போலச் சொன்னாள். அண்ணியால் அதைத்தான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம்.

"யார் சொன்னா அப்போ?"

"அண்ணன்தான் வந்து கேட்டார்."

இடைவேளை முடிந்த மணி அடித்தது. முன்பல் இல்லாத சிறுமி முதல் ஆளாக ஓடி வந்து, "மிஸ், நான் நல்லா கேட்டேனா?" என்றாள்.

"ரொம்ப நல்லா கேட்டே" என்றார் அண்ணி. அதுவும் உண்மைதான்.

* * *

மதியம் மூன்று மணிக்கு முதல்வர் அறைக்கு அழைப்பு வந்தது. அங்கே பிஸ்கட் இருந்தது, பாராட்டும் இருந்தது. "முப்பது வருஷத்துல இப்படி ஒரு வகுப்பு பாத்ததில்ல மேடம். அந்த அரைக் கட்டம் கேள்வி! அதெல்லாம் தானா வரணும், நாம வரவழைக்க முடியாது" என்றார் குழு உறுப்பினர் ஒருவர். அண்ணி பிஸ்கட்டை டீயில் நனைத்தார். அது உடைந்து உள்ளே விழுந்தது. அறிக்கை நாலு மணிக்கு உறையில் போட்டு ஒட்டப்படும் என்று முதல்வர் சொன்னார்.

தலைவலி என்று சொல்லிவிட்டு அண்ணி கிளம்பினார். வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு தெரு தள்ளி, பல் மருத்துவமனையின் பின்பக்கம் இருக்கும் அண்ணனின் வேலை அறைக்குப் போனார்.

அண்ணன் பல் செட் செய்கிறவர். போன கையோடு சாப்பிட உட்காரலாம் என்கிற அளவுக்கு அந்த அறை சுத்தமாக இருக்கும். மெழுகு ஈறில் ஒவ்வொரு பல்லாகப் பதித்துக்கொண்டிருந்தார். எல்லாப் பல்லையும் பதித்து முடித்ததும், முன்வரிசையில் ஒரு பல்லை மட்டும் நகத்தால் தள்ளி லேசாகக் கோணலாக்கினார். ஒரே வரிசையாக இருந்தால் பொய்ப்பல் என்று தெரிந்துவிடும் என்பது அவர் தொழில் ரகசியம்.

மனைவியைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "என்ன, இந்த நேரத்துல? பாடம் சரியாப் போகலியா?"

"பிரமாதமாப் போச்சு. பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி போன மாதிரியே போச்சு."

அண்ணன் கையிலிருந்ததை மெதுவாக மேஜையில் வைத்தார்.

"சிட்டு சொல்லிட்டாளா?"

"நீங்க சொல்லுங்க."

"அதுக்கு முந்தின வருஷம் செலக்ஷன்ல உன் பேர் வரல. மூணு மாசம் யார்கிட்டயும் முகம் கொடுத்துப் பேசல நீ. வேலைய விட்டுடறேன்னு லெட்டர் எழுதி, துணிக்கு அடியில வெச்சிருந்தே. நான் படிச்சேன்."

"அதனால?"

"இன்னொரு தடவை ஆகலேன்னா லெட்டரைக் கொடுத்துடுவியோன்னு பயந்துட்டேன். சிட்டுகிட்ட போய் நின்னேன்."

"நான் நல்லா நடத்துவேன்னு நம்பிக்கை இல்ல உங்களுக்கு."

"பாடம் நடத்துறதைப் பத்தி எனக்கென்ன தெரியும்? எனக்கு உன்னைத்தான் தெரியும்."

பல வருடங்களாகக் குடும்பம் நடத்துகிறவர்கள் சொல்லக்கூடிய நல்ல பதில்தான். அண்ணிக்கும் அது தெரிந்தது. ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை.

"அன்னிக்கு நான் தோத்திருந்தா தோத்தேன்னாவது தெரிஞ்சிருக்கும். ஐந்நூறு பேருக்கு மேல டீச்சராக்கி அனுப்பிட்டேன். நான் டீச்சரான்னு எனக்கே தெரியல இப்போ!"

அண்ணன் தரையைப் பார்த்தார். பிறகு, மறைத்தது ஒன்று தெரிந்துவிட்டால் மீதியையும் கொட்டிவிடத் தோன்றுமே, அப்படிக் கேட்காமலேயே சொன்னார்.

"அவளும் பாவம்தான். அவளும் அந்த வேலைக்கு அப்ளிகேஷன் போட்டிருந்தா. நான்தான் வாபஸ் வாங்கச் சொன்னேன்."

அண்ணி சுவரோரம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். சிட்டுவுக்கு வகுப்புதான் பிடிக்கும், பதவியெல்லாம் அவளுக்கு ஒத்துவராது என்று இந்தக் குடும்பத்தில் எல்லோரும் சொல்வார்கள். அதிகம் சொன்னது அண்ணிதான்.

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. மறுநாள் பசங்களுக்கு ஒத்திகை ஆரம்பிச்சுட்டா."

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று நாற்பது. நாலு மணிக்கு உறை ஒட்டப்படும்.

"நடந்ததை எழுதினா சிட்டுவுக்கு மெமோ வரும்" என்றார் அண்ணன், அவர் மனசைப் படித்தவராக.

"எழுதலேன்னா எனக்கு ஆர்டர் வரும்."

அண்ணி கைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

முதல்வர் முதல் மணியிலேயே எடுத்தார். "சொல்லுங்க மேடம், தலைவலி தேவலையா?"

"இன்னிக்கு நடத்தின பாடத்தைக் கணக்குல எடுத்துக்காதீங்க."

"புரியலியே."

"பசங்களுக்கு முன்னாடியே தெரிஞ்ச பாடம் அது. பாதியில எனக்கே தெரிஞ்சுபோச்சு. நிறுத்தாம ஓட்டிட்டேன். தப்பு என்னோடது. வேற யார் மேலயும் எழுத வேண்டாம்."

"மேடம், நல்லாப் போன வகுப்பை யாராவது வேண்டாம்பாங்களா? ரெண்டாவது வாய்ப்புன்னா ரெக்கார்டுல ஏறும். லிஸ்ட்ல இன்னொரு பேர் இருக்கு. அது சொதப்பிச்சுன்னா நாற்காலி அவருக்குத்தான்."

"தெரியும். நாளைக்கு அஞ்சாம் வகுப்பு கொடுங்க. பாடம் எதுன்னு பத்து நிமிஷம் முன்னாடி நீங்களே சொல்லுங்க." நிறுத்தி மூச்சு விட்டார். "அப்புறம், போன மாசம் நான் ஃபெயில் போட்ட அந்தக் குழந்தைக்காரிக்கும் இதே மாதிரி இன்னொரு பாடம் கொடுக்கணும். என் அறிக்கைய வாபஸ் வாங்கிக்கிறேன். அவ தெரியாதுன்னு சொன்னது நிஜமா இருக்கலாம். எனக்குத் தெரிஞ்சே நடந்துச்சு."

"உங்க இஷ்டம்" என்றார் முதல்வர். அவர் குரலில் பாராட்டு இருந்ததா, பரிதாபம் இருந்ததா என்று அண்ணியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்து சிட்டுவின் எண். பள்ளி விட்டிருக்கும். நாலாவது ரிங்கில் எடுத்தாள்.

"அப்ளிகேஷன் விஷயம் சொல்லிட்டார் உங்கண்ணன்" என்றார் அண்ணி.

மறுபக்கம் பேருந்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"நான் உன்கிட்ட மன்னிப்புக் கேக்கிறது இப்போ சுலபம். அதைச் செய்யல. நாளைக்கு அஞ்சாம் வகுப்புல பாடம் எடுக்கிறேன். ஒத்திகை கிடையாது. பின்னாடி நீ வந்து உக்காந்து, கருத்துப் படிவத்தை நீயே எழுதணும். நான் டீச்சரா இல்லியான்னு சொல்ல இந்தக் குடும்பத்துல உன் ஒருத்திக்குத்தான் தகுதி இருக்கு."

"உறவு பாத்து எழுத மாட்டேன் அண்ணி."

"பாக்காதே."

"நல்லா இல்லேன்னா நல்லா இல்லேன்னு எழுதுவேன். உங்களுக்கு நாற்காலி போயிடும்."

"போகட்டும்."

"அந்தப் படிவத்துல கருத்துக்கு மூணு வரிதான் இடம் விட்டிருக்கீங்க." சிட்டுவின் குரல் முதன்முறையாக உடைந்தது. "எனக்குப் பத்தாது அண்ணி. பதினெட்டு வருஷம் இருக்கு."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. எதிரே அண்ணன் நிற்கிறார் என்பதையும் மறந்துவிட்டார்.

"தனித்தாள் வெச்சு எழுது."

"எத்தனை தாள் ஆனாலும் படிப்பீங்களா?"

"படிப்பேன்."

"சரி. எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டாள் சிட்டு.